ஜாமீன் கையெழுத்தும் ஒரு கார் கடனும்: சிவதாபுரம் கொலுசுப் பட்டறைக்காரரின் ஃபைல்

மூன்று குறுஞ்செய்திகளைத் திறந்து, போனை என் மேஜைமேல் வைத்தார். அனுப்பிய நிறுவனங்கள் வேறு வேறு. சொன்னது ஒன்றுதான்: உள்விதிகளின்படி தங்கள் கார் கடன் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை.

"ஏனுங்க, என் ஆயுசுல ஒரு தவணை பாக்கி வெச்சதில்லீங்க. வீட்டுக் கடன் அஞ்சாந்தேதின்னா நாலாந்தேதியே கணக்குல பணம் நிக்கும். அப்புறம் எனக்கு ஏன் இல்லீங்கறாங்க?"

2024 மார்ச் கடைசி அது. வந்தவருக்கு 44 வயது. சேலம் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார், ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். செவ்வாய்ப்பேட்டை வியாபாரிகள் வெள்ளியைக் கொடுப்பார்கள். உருக்கி, கம்பி இழுத்து, பற்றவைத்து, மெருகு போட்டுக் கொலுசாகத் திருப்பிக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியில்தான் ஒன்பது குடும்பத்துக்கும் சனிக்கிழமைச் சம்பளம் போகிறது. அம்மாவை மாதம் இரண்டு முறை கோயம்புத்தூருக்கு மருத்துவமனை கூட்டிப்போக வேண்டியிருந்ததால், தை பிறந்ததும் 9.2 லட்சம் ஷோரூம் விலையில் ஒரு காருக்கு முன்பணம் கட்டினார். 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் வாகன வரி கூடியிருந்தது. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம். அதோடு காப்பீடும் சேர்ந்து வண்டி தெருவுக்கு வர ஏறக்குறைய 10.8 லட்சம் ஆகும் என்றார்கள். கையில் 2.8 லட்சம் இருந்தது. 8 லட்சம் கடன் கேட்டார்.

நான் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கடன் ஃபைல்கள் தயார் செய்கிறேன். அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் ஒரு நிதி நிறுவனத்தில் கார் கடன் விண்ணப்பங்களைப் பார்த்தேன். வேண்டாம் என்று போட்ட கையெழுத்துகளில் என்னுடையதும் நிறைய உண்டு. இவருடைய ஃபைலை இங்கே எழுத அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மட்டும் மாற்றிவிட்டேன். ஒருவருக்குக் கடன் மறுக்கப்படும்போது அவர் காதில் விழும் காரணமும் உண்மையான காரணமும் எவ்வளவு தூரம் விலகி இருக்கின்றன என்பதை இந்த ஃபைல் அளவுக்குத் தெளிவாக வேறெதிலும் நான் பார்த்ததில்லை.

ஷோரூமில் இவருக்குச் சொன்ன காரணம் இரண்டே சொல்: "சிபில் கம்மி." கடன் மதிப்பெண் குறைவு என்று அர்த்தம். யார் பார்த்தது, எந்த நிறுவனத்தின் அறிக்கை, எந்த வரியில் என்ன இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஷோரூமில் கடன் பிரிவைப் பார்க்கும் தம்பி, "இன்னொரு இடத்துல லாகின் போட்டுப் பாக்கலாம்ணா" என்றிருக்கிறார், அதாவது இன்னொரு நிறுவனத்தில் விண்ணப்பம் போடலாம் என்று. இவரும் சரி என்றார். அந்த ஒரு "சரி"யில் 38 நாளில் ஐந்து நிறுவனங்கள் இவருடைய கடன் வரலாற்றைத் திறந்து பார்த்திருந்தன. மூன்று பேர் மறுப்பைச் செய்தியாக அனுப்பினார்கள், மற்ற இரண்டு பேர் அதைக்கூட அனுப்பவில்லை.

கடன் கேட்டு ஒரு நிறுவனம் அறிக்கையைத் திறந்தால், எந்த நாளில், எவ்வளவு தொகைக்கு என்று அதிலேயே பதிவாகும். அடுத்துப் பார்ப்பவர் முதலில் படிப்பது அந்தப் பட்டியலைத்தான். ஒன்றரை மாதத்தில் ஐந்து இடத்தில் 8 லட்சம் கேட்டவரைப் பார்த்தால், பணத்துக்கு அலைகிறவர் என்றுதான் எந்த அதிகாரிக்கும் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்ப்பது இந்தக் கணக்கில் வராது, அதனால் மதிப்பெண்ணும் குறையாது. இதை இவரிடம் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. "பாத்தாலே கொறையும்" என்று யாரோ பயமுறுத்தி வைத்திருந்தார்கள்.

அறிக்கையை வாங்கினோம்

இந்தியாவில் கடன் வரலாற்றைச் சேர்த்து வைக்க ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்றவை நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். எல்லோரும் எல்லா மதிப்பெண்ணையும் "சிபில்" என்றே சொல்கிறோம், ஆனால் ஒவ்வொரு நிறுவனத்திடமும் இருப்பது தனித்தனி அறிக்கை. ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை ஒவ்வொன்றும் இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுத்தோம். மதிப்பெண் 300-இல் தொடங்கி 900 வரை போகும். இவருக்கு ஒன்றில் 641, மற்றவற்றிலும் அதை ஒட்டியே இருந்தது. கார் கடன் கொடுப்பவர்களில் பலர் 700-க்குக் கீழே வந்தாலே ஃபைலைத் தள்ளி வைத்துவிடுவார்கள்.

மதிப்பெண்ணை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வரிவரியாகப் படித்தோம். எல்லோருக்கும் நான் சொல்வதும் இதுதான். மதிப்பெண் காய்ச்சல் மானியில் தெரியும் எண் மாதிரி. நோய் எது என்பது உள்ளே இருக்கும் கணக்குப் பட்டியலில்தான் கிடைக்கும்.

வீட்டுக் கடன், பைக் கடன், இரண்டு நகைக் கடன். மாதாமாதம் தாமத நாள் என்ற கட்டத்தில் எல்லாமே சுழியம். அவர் சொன்னது உண்மை, ஒரு நாள்கூடத் தவறவில்லை.

ஐந்தாவதாக இருந்த கணக்கு 14,000 ரூபாய்க்கு ஒரு செல்போன் தவணை, 90 நாளுக்கு மேல் பாக்கி. "இது என்னுதில்லீங்க" என்றார். அவருடையது இல்லைதான். அதே பெயர், அதே இனிஷியல், தர்மபுரி முகவரி. நம் ஊரில் இது அடிக்கடி நடக்கிறது. நாம் இனிஷியலோடு பெயர் எழுதுகிறவர்கள். பான் அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசிப் பெயர் ஆக்கச் சொல்வார்கள். ஆதாரில் இனிஷியல் முன்னால், வங்கிப் புத்தகத்தில் பின்னால், ஓட்டுநர் உரிமத்தில் விரித்து எழுதியது என்று ஒரே ஆள் நான்கு பெயரில் நடமாடுவார். முருகன், செல்வம், கந்தசாமி என்ற பெயர்களுக்குக் கேட்கவே வேண்டாம். கடன் கொடுத்தவர் பான் எண்ணைச் சரியாகப் பதியாமல் விட்டால், பெயரையும் பிறந்த தேதியையும் வைத்துக் கணினி யாரோடோ ஒட்டிவிடும்.

இதற்கு வழி நேரானது. ஏப்ரல் 2-ஆம் தேதி அந்த அறிக்கை நிறுவனத்தின் தளத்திலேயே, கணக்கு என்னுடையது அல்ல என்று புகார் போட்டோம். பான் அட்டை, ஆதார், அந்த ஆண்டு அவர் எங்கே குடியிருந்தார் என்பதற்கு மின் கட்டண ரசீது ஆகியவற்றை இணைத்தோம். முப்பது நாளுக்குள் தீர்க்க வேண்டும். தீர்க்காமல் இழுத்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற ரிசர்வ் வங்கி விதி அதே மாதம் 26-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. இவருக்கு அது தேவைப்படவில்லை. மாதம் முடிவதற்குள் அந்தக் கணக்கு அறிக்கையிலிருந்து போய்விட்டது, மதிப்பெண்ணும் கொஞ்சம் ஏறியது. அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை, ஏனென்றால் ஆறாவது கணக்கை நான் முன்பே பார்த்திருந்தேன்.

மச்சானுக்குப் போட்ட கையெழுத்து

ஆறாவது கணக்கு சரக்கு வாகனக் கடன், 2019-இல் எடுத்தது. இவருடைய பங்கு என்ற இடத்தில் "ஜாமீன்தாரர்" என்று இருந்தது. நிலை என்ற இடத்தில் "செட்டில்டு".

கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, "அது மச்சான் வண்டிங்க" என்றார்.

மனைவியின் தம்பி குட்டி யானை வண்டி வாங்கி, ஜவ்வரிசி ஆலைகளிலிருந்து மூட்டை ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு வருடம் ஒழுங்காகத் தவணை போனது. 2020-இல் ஊரடங்கு வந்து வண்டி நின்றது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தபோது அதையும் எடுத்துக்கொண்டார். தள்ளி வைத்தாலும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை யாரும் அவருக்கு விளக்கவில்லை. 2021-இல் தவணை தவறத் தொடங்கியது. வண்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஏலம் விட்டார்கள். விற்ற பணம் போக மிச்சமிருந்த பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லி, 38,400 ரூபாயைத் தள்ளுபடி செய்து 2022-இல் கணக்கை முடித்தார்கள். மச்சானைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது. அக்கா வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக் கூச்சமாக இருந்திருக்கும். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்த இரண்டு ஆண்டுகளில் வண்டி வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டை இந்த ஊரில் கண்ணால் பார்த்தவன்.

ஆனால் சட்டம் கூச்சத்தைப் பார்க்காது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 128-ஆவது பிரிவு சொல்வது, கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ ஜாமீன் போட்டவரின் பொறுப்பும் அவ்வளவு. நம் குடும்பங்களில் ஜாமீன் என்றால் "சும்மா ஒரு கையெழுத்து". கடன் வாங்கியவர் கட்டாமல் போனால்தானே நம்மிடம் வருவார்கள் என்ற நினைப்பு. அப்படி இல்லை. கையெழுத்துப் போட்ட நாளிலிருந்தே அந்தக் கடன் நம் அறிக்கையிலும் ஏறிவிடுகிறது. மச்சான் தவறவிட்ட ஒவ்வொரு மாதமும் இவருடைய அறிக்கையில் 30, 60, 90 நாள் தாமதம் என்று விழுந்திருந்தது. இவர் வீட்டுக் கடனுக்கு நாலாம் தேதியே பணம் போட்டுக்கொண்டிருந்த அதே மாதங்கள் அவை.

"செட்டில்டு" என்ற சொல்லைத் தமிழில் கேட்டால் தீர்ந்துபோன விஷயம் மாதிரி இருக்கிறது. கடன் அதிகாரியின் காதில் அது, முழுதாகக் கட்டாமல் பேரம் பேசி முடித்தவர் என்று விழும். முழுதாகக் கட்டி முடித்தால் வர வேண்டிய சொல் "குளோஸ்டு". ஏலம் முடிந்த பிறகு "இவ்வளவு கட்டினால் போதும்" என்று வசூல்காரர் சொல்லும்போது, இந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அந்த நேரத்தில் யார் கேட்கிறார்கள்.

காகிதத்தில் இருந்த சம்பளம்

அறிக்கை மட்டுமே காரணமாக இருந்திருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். இவர் ஃபைலில் அதைவிட எளிமையான, அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. மாதம் கைக்கு 75,000 வருகிறது என்றார். பொய் சொல்லவில்லை, பட்டறைக் கணக்கை நானே பார்த்தேன். ஆனால் 2022-23-க்கு அவர் போட்ட வருமான வரி ரிட்டர்னில் இருந்தது 4,80,000. அப்போது 5 லட்சம் வரை வரி தள்ளுபடி இருந்ததால், அதற்குள் அடக்கிக் காட்டிவிடலாம் என்று முன்பு பார்த்துக்கொடுத்தவர் சொல்லியிருக்கிறார்.

கடன் கொடுப்பவருக்குத் தெரிவது அந்தக் காகிதம்தான். 4,80,000 என்றால் மாதம் 40,000. வருமானத்தில் ஏறக்குறைய பாதிக்கு மேல் தவணைகளுக்குப் போகக்கூடாது என்பது பெரும்பாலான இடங்களில் உள்ள வழக்கம். அப்படியானால் 20,000. வீட்டுக் கடனுக்கு 11,200, பைக்குக்கு 3,100 என்று ஏற்கெனவே 14,300 போகிறது. மிச்சம் 5,700. இவர் கேட்ட 8 லட்சத்துக்கு 9.5 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக்குத் தவணை 16,800. மதிப்பெண் 800 இருந்திருந்தாலும் இந்தக் கணக்கில் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். ஷோரூமில் "சிபில் கம்மி" என்று சொன்னவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வங்கிக் கணக்கு ஏடும் உதவவில்லை. வாரம் முழுக்க வியாபாரிகளிடமிருந்து கூலி வரும், சனிக்கிழமை மதியம் மொத்தமும் ரொக்கமாகப் போய்விடும். கடன் பிரிவில் மாதத்தின் 5, 10, 15, 20, 25 என்று சில தேதிகளில் நின்ற இருப்பை எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். இவருக்கு அந்தச் சராசரி எட்டாயிரத்தைத் தாண்டவில்லை. பட்டறைச் சம்பளத்தையும் வீட்டுச் செலவையும் தனித்தனிக் கணக்கில் வைக்கச் சொன்னேன். அடுத்த மாதமே செய்துவிட்டார்.

எழுத்தில் காரணம் கேட்டது

இதெல்லாம் என் ஊகமாக இருக்கக்கூடாது என்று நினைத்தேன். மறுத்த மூன்றில் ஒன்று வங்கி. எந்தத் தொகைக்கான கடனாக இருந்தாலும், விண்ணப்பத்தை மறுத்தால் முக்கியமான காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2007 மார்ச்சிலேயே ரிசர்வ் வங்கி வணிக வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. இது தெரிந்த விண்ணப்பதாரரை என் பதினோரு ஆண்டில் நான் பார்க்கவே இல்லை. தெரிந்திருந்தும் நாங்கள் யாரும் சொன்னதில்லை. அதை நினைத்து இப்போது வருந்துகிறேன்.

கிளைக்கு நேரில் போனபோது, "சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணிருச்சு, நாங்க என்ன பண்றது" என்றார்கள். குறைதீர் அதிகாரிக்கு விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டுத் தமிழிலேயே அரைப் பக்கக் கடிதம் எழுதினோம். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. இரண்டு வரி: அறிவிக்கப்பட்ட வருமானத்துக்கு மேற்பட்ட தவணைச் சுமை, ஜாமீன் கணக்கில் முழுமையாகத் தீர்க்கப்படாத நிலுவை. முப்பது நாளுக்குள் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்றிருந்தோம், அதற்கு வேலை வரவில்லை.

அந்தக் காகிதத்தை அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட விதம் இன்னும் நினைவிருக்கிறது. இரண்டு மாதமாக அவர் மனசை அரித்தது கார் இல்லை. சரிபார்க்க வந்த ஆள் பக்கத்துப் பட்டறையில் இவரைப் பற்றி விசாரித்துவிட்டுப் போன பிறகு, கடன் கிடைக்கவில்லை என்ற பேச்சு தெருவில் பரவியிருந்தது. வெள்ளித் தொழில் முழுக்க நம்பிக்கையில் நடப்பது. கிலோ கணக்கில் வெள்ளியை ஒரு துண்டுச்சீட்டை நம்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். "இவனுக்கே பேங்க்குல இல்லீன்னுட்டாங்களாம்" என்ற சொல் ஒரு பட்டறையை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும்.

பதினொரு மாதம்

உடனே வேறெங்கும் விண்ணப்பிக்க வேண்டாம் என்றேன். ஷோரூமில் முன்பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டார்.

ஜூலையில் 2023-24-க்கான ரிட்டர்னை உள்ளபடி 9 லட்சம் காட்டிப் போட்டார். புதிய வரி முறையில் வரி 46,800. முந்தைய ஆண்டில் குறைத்துக் காட்டியது தவறு என்று நேராகவே சொன்னேன். வரி, வட்டி, அவற்றின் மேல் 25 சதவீதம் கூடுதலாகக் கட்டி, புதுப்பித்த ரிட்டர்னும் போட்டார். கடனுக்கு அது உதவாது என்று சொல்லித்தான் செய்யச் சொன்னேன், உதவவும் இல்லை. பின்னாளில் வங்கி முதலில் போட்ட 4,80,000-ஐத்தான் கணக்கில் எடுத்தது. கடனுக்காகப் பழைய ரிட்டர்ன்களை ஒரே மாதத்தில் மொத்தமாகப் போடுகிறவர்களை வங்கிகள் நிறையப் பார்த்திருக்கின்றன. ரிட்டர்னில் இருக்கும் தேதியையும் படிப்பார்கள்.

மச்சான் விஷயம்தான் கடினம். ஆடி முழுக்க அந்தப் பேச்சை எடுக்கவே இவர் தயங்கினார். கடைசியில் அக்காவே தம்பியைக் கூப்பிட்டுப் பேசினார். தள்ளுபடி செய்த 38,400-ஐக் கட்டினால் கணக்கை "குளோஸ்டு" என்று மாற்றித் தருவோம் என்று கடன் கொடுத்தவர்களிடம் முதலில் கடிதம் வாங்கினோம். அது கைக்கு வந்த பிறகே, தீபாவளி முடிந்து நவம்பரில், பணம் கட்டினோம். பாதியை மச்சான் போட்டார். பாக்கி இல்லை என்ற சான்றும் வந்தது. 2021-இன் தாமத மாதங்கள் அப்படியேதான் இருந்தன, அதை யாராலும் அழிக்க முடியாது. பணம் வாங்கிக்கொண்டு அழித்துத் தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம். நிலை மட்டும் மாறியது. 2025 ஜனவரி 1 முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கடன் விவரங்களை அனுப்ப வேண்டும் என்று விதி வந்ததால், மாற்றம் அந்த மாதமே தெரிந்தது. அதற்குள் பைக் கடனும் முடிந்திருந்தது. மதிப்பெண் 712.

பிப்ரவரியில் ஒரே ஒரு வங்கி, ஒரே ஒரு விண்ணப்பம். காரையும் ஒரு படி குறைத்துக்கொண்டார், கடன் 6 லட்சம். இரண்டு ஆண்டுச் சராசரியாக 6.9 லட்சம், மாதம் 57,500 என்று எடுத்தார்கள். வருமானம் ஒரே ஆண்டில் ஏறக்குறைய இரட்டிப்பானது எப்படி என்று மேலாளர் கேட்டார். கேட்பார் என்று தெரிந்து, ஜிஎஸ்டி கணக்கையும் வங்கி வரவையும் ஒத்துப் பார்க்கும்படி ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருந்தோம். ஜாமீன் கணக்கைப் பற்றியும் கேட்டார், சான்றைக் காட்டினார். வட்டி 10.25 சதவீதம், தவணை 12,822. மதிப்பெண் 750-க்கு மேல் இருந்திருந்தால் வட்டி குறைந்திருக்கும்.

வண்டி எடுத்த அன்று ஆர்சி புத்தகத்தைப் பற்றி ஒன்று சொல்லி அனுப்பினேன். கடன் உள்ளவரை அதில் வங்கியின் அடமானக் குறிப்பு இருக்கும். கடைசித் தவணை கட்டியதும் வங்கியிடம் தடையின்மைச் சான்றும் 35-ஆம் படிவமும் வாங்கி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து அந்தக் குறிப்பை நீக்க வேண்டும். ஏற்காட்டில் வாடகை வண்டி ஓட்டும் ஒருவர் பழைய கார் வாங்கக் கடன் கேட்டு, விற்பவர் ஆறு ஆண்டுக்கு முன் கட்டி முடித்த கடனின் அடமானக் குறிப்பு நீக்கப்படாமல் கிடந்ததாலேயே மறுக்கப்பட்ட ஃபைல் அப்போது என் மேஜையில் இருந்தது.

இவருக்குக் கடைசித் தவணை 2030-இல் வருகிறது. பட்டறைச் சுவரில், காலண்டர் மாட்டிய ஆணிக்குக் கீழே, அந்த மாதத்தையும் "35" என்ற எண்ணையும் கரியால் எழுதி வைத்திருக்கிறார்.